சனாத்தே விரட்டும் அதிகாரி

மேயரம்மா தன் தோளில் விழுந்திருந்த வெள்ளைக் கறையைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

மூன்று வருடமாக எங்கள் ஊர் நகராட்சியில் சனாத்தே விரட்டும் அதிகாரியாக இருக்கும் ரெய்னால்தோவுக்கு அது என்னவென்று தெரியாதா? இருந்தாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை ஆராய்ந்துவிட்டுத்தான் எச்சம் என்று உறுதி செய்தார்.

"சனிக்கிழமை என் பொண்ணு கல்யாணம். சர்ச்சுலேர்ந்து இந்தச் சதுக்கம் வழியாத்தான் மண்டபத்துக்கு நடந்து போவா. சம்பந்தி வீட்டுக்காரங்க தலைநகர்லேர்ந்து வர்றாங்க. அவ கவுன்ல ஒரு சொட்டு விழுந்தாலும் திங்கக்கிழமை நீ ஆபீஸ் பக்கம் வர வேண்டாம்."

சனாத்தே என்பது ஒரு பறவை. கரேலென்ற உடம்பு, மஞ்சள் கண், உடம்பைவிடப் பெரிய வால். பொழுது சாய்ந்தால் அத்தனையும் சதுக்கத்து மரங்களில் வந்து உட்கார்ந்து, எண்ணெய் காணாத கதவு மாதிரிக் கத்தும். கோடையிலும் நாங்கள் குடை பிடித்துத்தான் அந்தப் பக்கம் போவோம். மேயரம்மா காரில் போகிறவர். அன்றுதான் இறங்கி நடந்திருக்கிறார்.

ரெய்னால்தோவின் திறமையைக் குறை சொல்ல முடியாது. தெருநாய் பிடிக்கும் அதிகாரியாக இருந்த ஃபிலெமோன் ஊரிலிருந்த நாயையெல்லாம் பிடித்துத் தொலைத்தான். நகராட்சி ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்து, இனி நாயே இல்லையே என்று அவனை வீட்டுக்கு அனுப்பியது. இப்போது பஸ் நிலையத்தில் லாட்டரிச் சீட்டு விற்கிறான். ரெய்னால்தோ அப்படியெல்லாம் அவசரப்படவில்லை. அவர் பதவிக்கு வந்த பிறகு பறவைகள் பெருகித்தான் இருந்தன.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி எர்மினியாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரேயடியா விரட்டணும்னு இல்லீங்களே. அன்னிக்கு மட்டும் கொஞ்சம் ஒதுங்கினா போதாதா?"

"என் வேலையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? ரொட்டி எங்க?"

ரொட்டி சுற்றிவைக்கும் துணி காலியாகக் கிடந்தது. இரண்டே பேர் இருக்கும் வீட்டில் காலையில் வாங்கிய ஒரு கட்டு சோள ரொட்டி மாலைக்குள் எப்படித் தீரும்? பக்கத்துத் தெருவிலிருக்கும் மாமியார் மேல் அவருக்கு வெகுநாளாகவே சந்தேகம்.

மறுநாள் நகராட்சிச் செலவில் ஒரு பிளாஸ்டிக் ஆந்தை வந்தது. மரத்தில் கட்டினார்கள். மதியத்துக்குள் அதன் தலையில் ஒரு சனாத்தே உட்கார்ந்து இறகு கோதியது. மறுநாள் அதன் தோளில் இன்னொன்று கூடு கட்டத் தொடங்கியது.

அடுத்ததாகக் கிளைகளை வெட்டச் சொன்னார். ஆட்கள் சதுக்கத்தின் கோடியிலிருந்து மும்முரமாக வெட்டிக்கொண்டே வந்து, கல்யாண ஊர்வலம் போகும் பாதையை எட்டும்போது அவர்களுக்கு வார விடுமுறை வந்துவிட்டது. இடம் போன பறவைகள் மொத்தமும் அந்தப் பாதை மரங்களுக்கே குடிவந்தன.

மிச்சமிருந்தது வாணவெடி. சனிக்கிழமை மாலை, மணமக்கள் வெளியே வரும் நேரம் பார்த்து, வரிசையாகக் கொளுத்திவிட்டார். பறவைகள் கருமேகமாக எழும்பின. வென்றுவிட்டோம் என்று ரெய்னால்தோ இரண்டு கையையும் தூக்கினார்.

எங்கள் ஊரில் வாணம் வெடித்தால் ஒரே அர்த்தம்தான். ஏதோ ஒரு புனிதரின் ஊர்வலம் கிளம்பிவிட்டது. எந்தப் புனிதர் என்று விசாரிக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆகவே ஊர் மொத்தமும் நாற்காலி, குடை, சோளமாவில் அவித்த தமாலே நிறைந்த அண்டா சகிதம் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தது. மேலத்தெரு பேண்டு வாசித்துக்கொண்டே வந்தது. முட்டைக்குள்ளிருந்தே இந்த வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்த பறவைகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தன.

அந்த நேரம் பார்த்துச் சர்ச்சுக் கதவு திறந்து மணப்பெண் வெளியே வந்தாள். ரெய்னால்தோ ஃபிலெமோனுக்குப் பக்கத்தில் லாட்டரி விற்க இடம் கிடைக்குமா என்றுகூட யோசித்துவிட்டார்.

புனிதருக்குப் பதில் மணப்பெண் வந்ததில் ஜனங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனாலும் வெள்ளைக் கவுனைப் பார்த்துவிட்டு மேலே மரத்தைப் பார்த்த ஒருத்திக்கு மனசு கேட்கவில்லை. தன் குடையை நீட்டினாள். அடுத்தவள் நீட்டினாள். பாதை நெடுக இருபுறமும் குடைகள் சேர்ந்து கூரையாகின. மேலே சடசடவென்று விழுந்துகொண்டே இருக்க, கீழே பெண் பேண்டு இசைக்கு நடந்து போனாள். கவுனில் ஒரு சொட்டு இல்லை. அது இந்த ஊர்ச் சம்பிரதாயம் என்று நினைத்த சம்பந்திகள் கைதட்டிப் படம் பிடித்தார்கள்.

குடை இல்லாமல் நின்றவர் ரெய்னால்தோ ஒருவர்தான். தலையிலிருந்து காலணி வரை வெள்ளையாகியிருந்தவரை மேயரம்மா தேடி வந்தார். சம்பந்திகள் அசந்துபோய்விட்டார்களாம். இப்படிப்பட்ட துறையில் ஒற்றை ஆள் இருப்பது நியாயமில்லையாம். திங்கட்கிழமையிலிருந்து அவருக்குக் கீழே இரண்டு உதவியாளர்கள்.

ரெய்னால்தோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சதுக்கத்து மூலையில் வண்டி போட்டிருக்கும் சிப்ரியானோவிடம் போய் வெந்த சோளக்கதிர் ஒன்று கேட்டார். செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னார்.

சிப்ரியானோ கதிருக்கு மிளகாய்த்தூள் தடவியபடி மரங்களை அண்ணாந்து பார்த்தான். "நல்ல சேதிதான் சார். ஆனா பறவை போயிட்டா உங்க வேலையும் போயிடும்னு உங்க வீட்டம்மா மூணு வருஷமா தினம் மத்தியானம் வந்து ரொட்டி பிச்சுப் போடுறாங்களே, இனிமே மூணு பேர் வேலையைக் காப்பாத்த அந்த ஒரு கட்டு பத்துமா?"