டத்தோவுக்குப் பெண் தர மாட்டேன்

பினாங்கு, ஜெலுத்தோங்,
பவ வருஷம் ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

தைப்பிங் நகரில் சகல சௌபாக்கியங்களோடும் விளங்கும் மைத்துனர் அமிர்தலிங்கம் அவர்களுக்கு, பக்கிரிசாமி நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நானும், உங்கள் தங்கை சின்னம்மாவும், எங்கள் மகள் வடிவம்மாளும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை போனது; வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பொய் எழுத வேண்டாமென்று நிறுத்திக்கொண்டேன். அவ்விடத்தில் தாங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். தங்கை பெற்ற பெண்ணைப் பல்லுப்போன கிழவனுக்குத் தள்ளிவிடத் திட்டம் போடுகிறவருக்குச் சுகத்தில் என்ன குறை வரப்போகிறது?

நிற்க. நான் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்குச் சந்தோஷம் என்று சொல்லி, ‘நகரமும் வனமும் காணும் உல்லாசப் பிரயாணம்’ என்று அச்சடித்த சீட்டை எனக்கும் வடிவுக்கும் அனுப்பிவைத்தீர்களே, அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியது. பொங்கலுக்கு ஒரு கரும்புத் துண்டு அனுப்பாத கை சும்மா சீட்டு அனுப்புமா? சோழியன் குடுமி சும்மா ஆடாது. போன வருஷம் ரப்பர் தோட்டக்காரர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாக வடிவைக் கேட்டு வந்தவர் தாங்கள்தான். அவர் தலையில் மயிரைவிடச் சாயம் அதிகம் என்று நான் வாசலிலேயே திருப்பி அனுப்பியதும் ஞாபகம் இருக்கும். உங்கள் தங்கையைப் பிரயாணத்துக்குக் கூப்பிட்டால், எனக்கு முழங்கால் வலி, நீங்கள் இருவரும் போய் வாருங்கள் என்றாள். சொல்லிவிட்டுப் பரண்மேல் ஏறிப் பெட்டியை இறக்கினாள். அந்தப் பெட்டியில் வடிவின் பச்சைப் பட்டுச் சேலையை மடித்து வைத்தாள். காட்டில் யாருக்குக் காட்டப் பட்டுச் சேலை என்று கேட்டேன். “பட்டுன்னா அட்டை ஏறாதுங்க” என்றாள். இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு வேகமாக எனக்குப் பதில் சொன்னதே இல்லை.

எங்களுக்கு வழிகாட்டி அப்துல் ஹமீது என்பவர். கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால் குடியிருக்கிறார். எந்நேரமும் சிரித்த முகம். சிரித்த முகத்தை நான் நம்புவதில்லை. முதல் நாள் நகரம் காட்டினார். நான் முப்பது வருஷமாக வேலைக்குத் தாமதமாகப் போனபோதெல்லாம் அண்ணாந்து பார்த்துத் திட்டிய மணிக்கூண்டை, “அதோ பாருங்க, மணிக்கூண்டு!” என்று எனக்கே காட்டினார். கொடிமலை ரயிலில் ஏற்றினார். ஒரே கயிற்றில் இரண்டு வண்டி. ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறது. நடுவழியில் எதிர்வண்டிக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். ஏன் சிரித்தார்கள் என்று ஹமீதைக் கேட்டேன், அவரும் சிரித்தார். பாம்புக் கோயிலில் பாம்புகள் கிளைக்குக் கிளை அசையாமல் கிடந்தன. உயிர்ப் பாம்புதானா என்றேன். “தூங்குதுங்க” என்றார். பட்டப்பகலில், இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, குமாஸ்தா தூங்கலாம், பாம்பு தூங்குமா? தண்ணீர்மலைத் தோட்டத்தில் ஒரு குரங்கு என் தோளில் ஏறி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டது. கண்ணாடி போட்ட துரைமார் எத்தனையோ பேர் நிற்க, என்னை மட்டும் அது ஏன் தேர்ந்தெடுத்தது? காட்டில் எதுவும் என் கண்ணில் படக்கூடாதென்று யாரோ செய்த ஏற்பாடு என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்களோடு வந்த இன்னொரு பிரயாணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் சந்திரசேகரன், புக்கிட் மெர்தாஜாமில் பள்ளிக்கூட ஆசிரியர், சின்ன வயது. பறவைகள் பார்க்க வந்ததாகச் சொன்னார். பாவம், கழுத்துச் சுளுக்கோ என்னவோ, ஒரு பறவையைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வடிவு உட்கார்ந்திருந்த பக்கமே கழுத்து நின்றுவிட்டது. எங்கள் பெட்டியையும் அவரே சுமந்தார். இந்தப் பிரயாணம் முழுவதிலும் எனக்குச் சந்தேகம் தோன்றாத ஒரே மனிதர் அவர்தான்.

மறுநாள் கப்பலில் அக்கரை போய், சுங்கை பட்டாணிவரை ரயிலில் போய், பிறகு லாரி, பிறகு மூடா ஆற்றில் படகு. இரண்டு கரையிலும் காடு சுவர் கட்டியது. படகோட்டி வானத்தைப் பார்த்து, “ஹரி மாவ் ஹூஜான்” என்றான். என் மலாய் துறைமுக மலாய்தான். மூட்டை, எடை, சீக்கிரம் என்ற அளவில் நின்றுவிட்டது. ஆனாலும் ஹரிமாவ் என்றால் புலி என்று தெரியாதா? “புலி! புலி!” என்று கத்திக்கொண்டு வடிவை மறைத்து விழுந்தேன். படகில் பாதி ஆறு ஏறிவிட்டது.

“ஐயா, எந்திரிங்க! பொழுது மழைக்கு வருதுன்னு சொல்றான்லா, அவ்வளவுதான்” என்றார் ஹமீது. பிறகு குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு. நீங்க இப்ப கத்துனீங்களே, அந்தப் பேர இனிமே வாயில எடுக்கவே கூடாது. பேர் சொன்னா வந்துருவாரு. இங்கெல்லாம் அவர நாங்க...”

“போதும்” என்று நிறுத்தினேன். விஷயம் எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அந்தக் காட்டில் புலியே கிடையாது. புலி காட்டுவதாகச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சடித்துவிட்டு, இல்லாத புலியின் பேரைச் சொல்லக்கூடாதென்று நம் வாயையும் அடைக்கிறார்கள். இதுகூடத் தெரியாதவனா நான்?

ஆற்றோரம் ஒரு பலகை வீட்டில் தங்கினோம். சமையல் நோர்மா என்ற மலாய்க்கார அம்மாள். அந்த அம்மாளும் ஹமீதும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசியதில் ‘டத்தோ, டத்தோ’ என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. டத்தோ என்பது பெரிய மனிதர்களுக்குச் சுல்தான் கொடுக்கும் பட்டம் என்று துறைமுகத்தில் கூலிக்காரனுக்கும் தெரியும். ஹமீதைத் தனியே அழைத்து, யார் அந்த டத்தோ என்றேன்.

அவர் உதட்டில் விரலை வைத்தார். “மெல்லமாப் பேசுங்க. இந்தக் காடே அவரோடதுதான். நேத்துக்கூட நோர்மாவோட ஆட்டுக்குட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாராம்.”

“கேட்பார் கிடையாதா?”

“அவர யாருங்க கேக்குறது? ராஜாலா அவரு!”

“குடும்பம்?”

“ஒத்தைதான். வயசாயிப்போச்சு, பல்லு ரெண்டு விழுந்துருச்சு. அதான் கொஞ்ச நாளா இளசா இருக்கிறதாப் பாக்குறாரு.”

மச்சான், உங்கள் குட்டு முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் உடைந்துவிட்டது. இலவசச் சீட்டு எதற்கு, பட்டுச் சேலை எதற்கு, முழங்கால் வலி எதற்கு என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தோட்டக்காரரை நான் மறுத்தேன் என்று, தோட்டமென்ன, காட்டுக்கே சொந்தக்காரரைப் பிடித்துவிட்டீர்கள்!

மறுநாள் காலை காட்டுக்குள் நடந்தோம். “தங்கச்சிய நடுவுல விடுங்க, ஐயா. டத்தோ எப்பவும் பின்னாலேருந்துதான் பாப்பாரு. நாம அவரப் பாக்க முடியாது, அவரு நம்மளப் பாத்துக்கிட்டேதான் இருப்பாரு” என்றார் ஹமீது. நானும் ஊரில் எத்தனையோ பெண் பார்க்கும் வைபவங்களுக்குப் போயிருக்கிறேன். பாயில் உட்கார்ந்து, பலகாரம் தின்று, முகத்தைப் பார்ப்பார்கள். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து முதுகைப் பார்ப்பது எந்த ஊர் மரியாதை? பெண்ணுக்குக் குறை இருக்கிறதென்று நினைத்து விலகட்டுமே என்று, கொஞ்சம் நொண்டி நடக்கும்படி வடிவின் காதில் சொன்னேன். நல்ல பிள்ளை, ஏனென்று கேட்காமல் நொண்டினாள். ஹமீது முகம் வெளிறிப்போனார். “நொண்டாதீங்கம்மா! நொண்டுற ஆளுன்னா டத்தோ விடவே மாட்டாரு!”

இது என்ன ருசி, மச்சான்? இப்படியும் ஒரு மாப்பிள்ளையா? ஒரே பெண். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியபோது ஊர் பேசிய பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டேன். அவளை இப்படி ஒருவர் கையில் கொடுப்பதைவிடக் காலமெல்லாம் என் வீட்டிலேயே வைத்திருப்பேன்.

அன்று சாயங்காலம் நோர்மா ஓடிவந்து, டத்தோ தண்ணீர்த்துறைக்கு வந்திருக்கிறார் என்றாள். எல்லோரும் முன்கதவைத் தாழ்போட ஓடினார்கள். பெரிய மனிதர் வந்தால் கதவைத் திறப்பதா, சாத்துவதா? அவரை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டுவிடுவதென்று முடிவு செய்தேன். சந்திரசேகரனிடம், “தம்பி, நான் வரும்வரை வடிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுக் குடையும் செம்புமாகப் பின்கதவு வழியாக இறங்கினேன். செம்பைப் பார்த்ததும் தம்பி மேற்கொண்டு கேட்கவில்லை.

துறைக்கு எதிர்க்கரையில், புதர் நடுவே, அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இல்லாததால் முகம் துலங்கவில்லை. மீசை மட்டும் பெரிது. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட பட்டு சாரோங் கட்டியிருந்தார், நல்ல விலை இருக்கும். ஆனால் குளித்துப் பல நாள் ஆகியிருக்க வேண்டும்; வாடை ஆற்றைத் தாண்டி வந்தது. நான் குடையை ஊன்றி நின்று கேட்டேன்: “டத்தோ, தங்கள் வயதென்ன, என் மகள் வயதென்ன? போகிற காலத்தில் இது எதற்கு? ஆட்டுக்குட்டியை எடுத்தீர்கள், ஏழை நோர்மா பொறுத்துக்கொண்டாள். நான் பொறுக்க மாட்டேன். என் உயிர் இருக்கும்வரை அவள்மேல் தங்கள் நிழல் படாது.” அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் மட்டும் “உம்ம்ம்” என்று ஓர் உறுமல், பெரிய இடத்துக் கனைப்பு. எழுந்து இரண்டடி தண்ணீரில் இறங்கினார். நேரில் வந்து சமாதானம் பேசப்போகிறார் என்று நான் செம்பைக் கீழே வைத்தேன். அந்த நேரம் பார்த்து வடிவு சோற்றுப் பானையைக் கரண்டியால் அடித்துக்கொண்டு ஓடிவருகிறாள். அவளுக்கு முன்னே பாய்ந்து கொள்ளிக்கட்டையை வீசிக்கொண்டு சந்திரசேகரன். டத்தோ அவமானப்பட்டு ஒரே தாவலில் போய்விட்டார். பெரிய மனிதர் முன் இதென்ன கூத்து என்று இரண்டு பேரையும் திட்டினேன். வடிவு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

டத்தோவிடம் பேசி முடித்துவிட்டேன் என்று ஹமீதிடம் சொன்னதும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “இங்க வச்சு எதுவும் பேச வேணாம், ஐயா. ஊருக்குப் போயிச் சொல்றேன்” என்றார். குட்டு வெளிப்பட்ட வெட்கம். படகோட்டி என்னைத் தொட்டுக் கும்பிட்டான். விடிந்ததும் புறப்பட்டு வந்துவிட்டோம். வழியெல்லாம் ஹமீது துவா ஓதிக்கொண்டே வந்தார். அவர் சொல்லவந்ததைக் கேட்க நிற்காமல் துறைமுகத்திலேயே ரிக்ஷா பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

ஆகவே இதனால் அறிவிப்பது என்னவென்றால், டத்தோவுக்குப் பெண் கிடையாது. அவருக்குத் தாங்கள் வாக்குக் கொடுத்திருந்தால் தாங்களே போய்த் திருப்பி வாங்கிக்கொள்ளவும். போகும்போது நொண்ட வேண்டாம். இந்தச் சம்பந்தம் அற்றுப்போனதற்கு அடையாளமாக இனிமேல் நம் இரு வீட்டுக்கும் நடுவே தீபாவளிப் பலகாரம் மட்டும் போய்வரும். தங்கள் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள். தங்களுக்கு ஆசீர்வாதம் இல்லை, தாங்கள் என்னைவிட மூத்தவர் என்பதால் மட்டுமல்ல.

இப்படிக்கு,
ஒரு பெண்ணைப் பெற்ற
பக்கிரிசாமி

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது ஹமீது வாசலில் வந்து நின்றார். “அது புலிங்க, ஐயா” என்றார். காட்டில் அதன் பேரைச் சொல்லாமல் டத்தோ என்று மரியாதையாகச் சொல்வது அவர்கள் வழக்கமாம். கேட்டதும் உறையிலிருந்து கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். மேலே டத்தோவைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். உடனே சின்னம்மா அடுப்படியிலிருந்து வந்து, தாங்கள் அனுப்பிய மாப்பிள்ளை சந்திரசேகரன்தான், வடிவும் அவரும் ஒருவரையொருவர் பார்க்கட்டும் என்றுதான் இந்தப் பிரயாணமே, என்னிடம் சொன்னால் நான் சந்தேகப்படுவேன் என்றுதான் மறைத்தது என்றாள். ஆக, சதி நடந்தது உண்மை. ஆள்தான் தப்பு.

வடிவைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஊருக்கு வந்து தானே சொல்வதாக ஹமீது அவள் வாயையும் கட்டியிருக்கிறார். நான் செம்பெடுத்துப் போன பிறகுதான் டத்தோ என்றால் புலி என்று ஹமீது அவர்களிடம் சொல்லியிருக்கிறார். சொன்னதும் யாரையும் கேட்காமல் பானையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். “அவரு என்னைத் தடுக்கலப்பா. கொள்ளியப் புடுங்கிக்கிட்டு எனக்கு முன்னால ஓடுனாரு” என்றாள். மச்சான், நான் புலியென்று தெரியாமல் போனேன். அவர்கள் இரண்டு பேரும் தெரிந்தே வந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு என் பெண்ணைத் தராமல் வேறு யாருக்குத் தருவேன்? ஆவணி முடிவதற்குள் முகூர்த்தம் வைத்துக்கொள்வோம், குடும்பத்தோடு வந்து சேருங்கள். ஜோசியரை மட்டும் நானே பார்க்கிறேன். தைப்பிங் ஜோசியர்மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.