நாற்பது சென்ட் பிறவிப் பயன்

மதுரை கே.கே. நகரில் அந்த ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள் இல்லை. ஆனாலும் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் டூவீலர் நிறுத்த இடம் இல்லை. வாசலில் வாழை மரத்துக்குப் பதிலாக இருபதடி பேனர் நின்றது: “நீங்கள் ஏன் பிறந்தீர்கள்? காலை பத்து மணிக்குத் தெரியும். பார்க்கிங் வசதி உண்டு.”

மனிதன் யோசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து விடை கிடைக்காத கேள்வி. இங்கே பத்து மணிக்கு விடை, பதினொன்றரைக்கு வெண்பொங்கல். கூட்டம் வராமல் என்ன செய்யும்?

விடை சொல்பவர் ஸ்ரீ நோக்கானந்தர். வயது நாற்பத்தைந்து இருக்கும். இமயமலையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்ததாகச் சொன்னார்கள். அதை இமயமலையிடம் யாரும் விசாரிக்கவில்லை.

அவர் முறை மிக எளிமையானது. மேடையில் ஒரு செப்பு அண்டா. அதில் ஆத்ம தீர்த்தம். பக்கத்தில் சித்தார்த் என்ற ஒருங்கிணைப்பாளன், கையில் ஒரு ஃபைலுடன் நிற்பான். பக்தர் பெயரைக் கூப்பிட்டதும் ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுப்பான். நோக்கானந்தர் அதைப் பக்தரின் நெற்றியில் ஒற்றுவார், கண்ணை மூடுவார், தீர்த்தத்தில் முக்குவார். தாளில் சிவப்பு எழுத்துகள் தானாகத் தோன்றும்.

“நான் எழுதல. உங்க ஆத்மா எழுதுது” என்பார் அடக்கமாக.

ஆத்மாக்களுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. கொத்தனாருக்கு “எழுப்பு” என்று வந்தது. ஆசிரமத்தில் சுற்றுச்சுவர் பாக்கி. கார் வைத்திருந்தவருக்கு “சுமந்து செல்” என்று வந்தது. மறுநாளிலிருந்து சாமி அந்தக் காரில் போனார். சமையல் கான்ட்ராக்டருக்கு “அன்னம்” என்று வந்த காரணத்தை வெண்பொங்கல் சொன்னது. ஒரு கொத்தனாரைப் பார்த்து “நீ பாடகனாகப் பிறந்தாய்” என்று எந்த ஆத்மாவும் எழுதவில்லை.

வருவதற்கு மூன்று நாள் முன்பே போனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தொழில் என்ன, வண்டி என்ன, வீடு சொந்தமா வாடகையா, நிலம் எவ்வளவு. ஆத்மாவைப் படிக்கத் தெரிந்தவருக்குப் படிவம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஆளுக்கு அங்கே டோக்கன் கிடைக்காது.

இந்தக் கூட்டத்தில் கண்ணுச்சாமி வந்து மாட்டினார்.

கண்ணுச்சாமி அரசு பஸ் டிரைவர். முப்பத்தோரு வருஷம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய அய்யா கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். கண்ணுச்சாமி ஓய்வுப் பணத்தில் பரவை பக்கம் நாற்பது சென்ட் வாங்கினார். அந்த வம்சத்தில் முதல் சொந்த மண். பத்திரம் கைக்கு வந்த அன்று வரப்பில் உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மடியில் முடிந்துகொண்டார்.

ஆனால் டூட்டி நின்றதும் மனுஷன் காற்றுப்போன டயர் மாதிரி ஆகிவிட்டார். காலை நாலரைக்கு விழிப்பு வரும். காக்கிச் சட்டையைத் தேடிக் கை போகும். போக இடம் இருக்காது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“நான் எதுக்குப் புள்ள பொறந்தேன்?” என்று ஒருநாள் மனைவி ராமக்காளிடம் கேட்டார்.

ராமக்காள் சலவைக் கடையில் வேலை பார்ப்பவர். மண்டபங்களிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வரும் அழுக்கு மூட்டைகளை இருபது வருஷமாக வெளுத்து அனுப்புகிறவர். கேள்வியைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. பதிலும் தெரியவில்லை. “எந்திரிச்சு வயப்பக்கம் போய்ட்டு வாங்க. மனசு கொஞ்சம் ஆறும்” என்றார்.

பதில் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறவரிடம் கூட்டம் நிற்காது. கண்ணுச்சாமியும் நிற்கவில்லை. ஆட்டோ ஓட்டும் சோணை ஒருநாள் வீட்டுக்கு வந்து, “அண்ணே, ஒரு சாமி இருக்காரு. பேப்பர்ல அச்சடிச்ச மாதிரி வருதுண்ணே. எனக்கு ‘ஓடு’ன்னு வந்துச்சு” என்றான். ஆட்டோக்காரனுக்கு ‘ஓடு’ என்று வந்ததில் இருவருமே புல்லரித்துப் போனார்கள். படிவத்தைச் சோணையே நிரப்பிக் கொடுத்தான்.

கண்ணுச்சாமியின் ஆத்மா எழுதியது இது: “மண்ணைக் கொடு. மலர்வாய்.”

“எந்த மண் என்று உனக்கே தெரியும்” என்றார் நோக்கானந்தர்.

கண்ணுச்சாமி தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். “எனக்கு நெலம் இருக்குன்னு சாமிக்கு எப்படிய்யா தெரியும்?” என்று வீடுவரை புலம்பிக்கொண்டே வந்தார். படிவத்தில் பதினான்காவது கேள்வி அது.

நாற்பது சென்ட்டையும் ஆசிரமத்துக்குத் தானமாக எழுதிக் கொடுப்பதென்று முடிவானது. புதன்கிழமை பத்திரப் பதிவு. அதற்கு முந்தின ஞாயிறு மேடையில் அவருக்குப் பொன்னாடை. மனைவியும் உடன் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்று சித்தார்த் போனில் அழுத்திச் சொன்னான். பிற்பாடு வழக்கு வந்துவிடக் கூடாது பாருங்கள். ஆத்மாவுக்கு அழிவில்லை, ஆனால் பத்திரத்துக்கு வில்லங்கம் உண்டு.

ராமக்காள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். காய்ந்து மஞ்சளாகியிருந்தது. எழுத்து செங்கல் சிவப்பு. திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

“ஏங்க, இது சாம்பார் கறை.”

“என்னது?”

“கல்யாண வீட்டு வேட்டியில சாம்பார் கறை இருக்கும். மஞ்சளாத்தான் இருக்கும். சோப்பு போட்ட உடனே செவக்கும். தெனமும் பாக்குறேன். இது அதே செவப்பு. தாளுல மஞ்ச வாடை அடிக்குது பாருங்க.”

“சாமியப் போயி சாம்பாரோட சேக்குறியே, வாய் அழுகிரும் புள்ள!”

ராமக்காள் விவாதிக்கவில்லை. குளியலறையில் கிடந்த சோப்புச் சில்லை எடுத்து வந்து ஒரு வெள்ளைத் தாளில் கிறுக்கினார். எழுதியது கண்ணுக்குத் தெரியவில்லை. மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரில் முக்கினார். கிறுக்கல் சிவந்து எழுந்தது.

கண்ணுச்சாமி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நீ சோப்புல பண்ணுன. அவரு ஆத்மாவுல பண்றாரு.”

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது மாதிரி சொன்னார். ராமக்காளுக்கு அதுதான் வலித்தது. பொய் என்று தெரிந்துவிட்டால் மறுபடி அந்தச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டுமே என்று மனுஷன் பயப்படுகிறார்.

“சரி, ஞாயித்துக்கெழம நானும் வாரேன்” என்றார்.

ஞாயிறு வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வந்த ரோகிணி என்ற பேராசிரியைதான் மைக்கில் வரவேற்புரை. அவருக்கு “என்னைப் பற்றிப் பேசு” என்று வந்திருந்தது. டாக்டர் பட்டம் வாங்கியவர், முழு ஈடுபாட்டோடு பேசினார்.

“நிலத்தையே துறந்த நிஷ்காம கர்மயோகி கண்ணுச்சாமி அவர்களை, துணைவியாருடன் மேடைக்கு அழைக்கிறோம்!”

கைத்தட்டல். பொன்னாடை. நோக்கானந்தர் ராமக்காளைப் பார்த்துப் புன்னகைத்தார். “சம்மதம்தானே அம்மா?”

“சம்மதம் கெடக்கட்டும் சாமி, ஒரு சந்தேகம். அம்புட்டுப் பேருக்கும் எதுக்குப் பொறந்தோம்னு சொல்லிட்டீங்க. சாமி எதுக்குப் பொறந்தீங்க? ஒங்க ஆத்மாவும் எழுதட்டும். நாங்களும் பாத்துக் கும்புட்டுக்கிறோம்.”

கூட்டத்துக்கு அது பிடித்துவிட்டது. “ஆமா, சாமி நோக்கத்தையும் பாக்கணும்!” என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. பின்வரிசையில் ஒருவர் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

ராமக்காள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து மடித்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார்.

சித்தார்த் குறுக்கே வந்தான். “அம்மா, அந்தத் தாள் கூடாது. ஃபைல்ல இருக்குற தாள்தான் தீட்சை பெற்றது.”

“தாளா எழுதுது? ஆத்மாதான எழுதுது? ஆத்மாவுக்கு எந்தத் தாளா இருந்தா என்ன தம்பி?”

சித்தார்த் பதிலைச் சாமியின் முகத்தில் தேடினான். சாமி பதிலை விட்டத்தில் தேடினார். அதற்குள் ராமக்காள் தாளைச் சாமியின் நெற்றியில் பக்தியோடு ஒற்றி அண்டாவில் முக்கிவிட்டார்.

தூக்கிப் பிடித்தார். எழுத்துகள் சிவந்தன. கொஞ்சம் கோணல்மாணல், ஆனால் தெளிவு. முன்வரிசையில் இருந்த சோணை எழுந்து உரக்கப் படித்தான்: “நாலு பேரு நெலத்த எழுதி வாங்க.”

ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சாமிக்கே நோக்கம் வந்துருச்சு!” என்று கண்ணீர் விட்டார். பின்னால் பத்துப் பேர் கைகூப்பினார்கள். நம்பிக்கை என்பது அத்தனை உறுதியான பொருள். வாக்குமூலத்தைக்கூட வரமாக வாங்கிக்கொள்ளும்.

“கும்புடாதீங்கத்தா” என்றார் ராமக்காள். “காலையில எங்க வீட்டுல ஒக்காந்து சோப்புச் சில்லால நான் எழுதுனது. அண்டாவுல இருக்குறது மஞ்சத் தண்ணி. நான் சொல்றதையும் நம்பாதீங்க. ஒங்க பையில இருக்குற எதாவது தாள எடுத்துட்டு வந்து நீங்களே முக்குங்க. ஒங்க ஆத்மா எழுதுதான்னு பாருங்க.”

“இது தெய்வ நிந்தனை!” என்று நோக்கானந்தர் எழுந்தார். ஆனால் கூட்டம் அவருக்கு முன்னால் எழுந்துவிட்டது.

நோட்டுத் தாள், மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகையின் உறை. ஒவ்வொன்றாக அண்டாவுக்குள் போயின. மஞ்சளாகப் போய் மஞ்சளாகவே வந்தன. ஓர் ஆத்மாகூட வாய் திறக்கவில்லை. யாரோ சித்தார்த்தின் ஃபைலைப் பிடுங்கினார்கள். ஒவ்வொரு வெள்ளைத் தாளின் மூலையிலும் பென்சிலில் ஒரு பெயர் இருந்தது. கூப்பிடாத பெயர்களின் தாள்களை எடுத்து முக்கினார்கள். ஆட்கள் இருக்கையில் இருந்தார்கள், ஆத்மாக்கள் இங்கே எழுதின. “கொடு.” “கொண்டு வா.” “கேள்வி கேட்காதே.”

பேராசிரியை ரோகிணி மைக்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

கண்ணுச்சாமி மட்டும் பொன்னாடையோடு அசையாமல் நின்றார். சட்டைப்பையில் அந்தத் தாளை இறுகப் பிடித்திருந்தார். ராமக்காள் பூஜைத் தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றைக் கடித்துப் பிளந்தார். “அந்தத் தாளக் குடுங்க.”

அவர் கொடுக்கத் தயங்கினார். அப்புறம் கொடுத்தார்.

சாறு விழுந்த இடத்தில் சிவப்பு கரைந்து மஞ்சளானது. ‘கொடு’ முதலில் போனது. ‘மலர்வாய்’ பிறகு. கண்ணுச்சாமி வெற்றுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு எலுமிச்சம்பழத்துக்கு நிக்கல புள்ள” என்றார். சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. பொன்னாடையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பொன்னாடையால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

மகானைத் தேடியபோது மேடையில் இல்லை. மண்டபத்துச் சமையல்கட்டு வழியாக வெளியே போய், “சுமந்து செல்” காரில் ஏறப் பார்த்தாராம். கார்க்காரர் சாவியைக் கொடுக்கவில்லை. சோணையின் ஆட்டோவும் அன்று அவருக்காக ‘ஓடு’வதாக இல்லை. கொத்தனாரும் சமையல் கான்ட்ராக்டரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கொண்டார்கள். போலீஸ் வந்து அழைத்துப் போனபோது, அவர் தன் ஊர்ப் பேரை மூன்று விதமாகச் சொன்னார். இமயமலை அதில் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்ணுச்சாமி அந்த வெற்றுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பரவை நெருங்கும்போது கேட்டார்.

“அப்ப நான் எதுக்குத்தான் பொறந்தேன்?”

“சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. நான் எதுக்குப் பொறந்தேன்னும் தெரியாது. ஆனா தெரியும்னு சொன்னவன் நம்ம நெலத்தக் கேட்டான். தெரியாதுன்னு சொல்ற நான் ஒங்கள ஒண்ணும் கேக்கலயே.”

கொஞ்சம் பொறுத்து, “ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு மம்பட்டிய எடுங்க” என்றார்.

மறுநாள் நாலரைக்கு விழிப்பு வந்தது. காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டே வயலுக்குப் போனார் கண்ணுச்சாமி. இரண்டு மாதத்தில் பரவை மார்க்கெட்டுக்கு முதல் மூட்டையைக் கொண்டுபோய் இறக்கினார். வாழ்க்கையின் அர்த்தம் கிடைத்ததா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. வெண்டைக்காய் கிடைத்தது. சுவரைப் பார்த்து உட்கார நேரம் கிடைக்கவில்லை.

அந்த மண்டபத்தில் இப்போது வேறொரு பேனர் தொங்குகிறது. “போன பிறவியில் நீங்கள் யார்?” டோக்கன் தீர்ந்துவிட்டதாம். போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். போகும் வழியில் ஒன்று மட்டும் யோசித்துக்கொண்டு போங்கள்: இந்தப் பிறவியில் உங்களுக்கு மூளை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எந்தச் சாமியிடமும் டோக்கன் வாங்க வேண்டியதில்லை. ஒருமுறை பயன்படுத்திப் பார்த்தால் போதும்.