அத்தையின் முடியில் ஒரு கொண்டை

மாமியாரின் தலைமுடியை அவருக்குத் தெரியாமல் சீப்பிலிருந்து எடுக்கும் மருமகளை எந்தக் கோர்ட்டும் விடுதலை செய்யாது. நான் எடுத்தேன். கலைக்காகத்தான் எடுத்தேன். (இதை இன்று வரை யாரும் நம்பவில்லை.)

கல்யாணமான புதிது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில், நான் திருக்காட்டுப்பள்ளியில் அத்தை, மாமாவோடு. அவர்களுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடக்கவிருந்தது. இருவரையும் மணக்கோலத்தில் பாலிமர் கிளே பொம்மையாகச் செய்து அசத்திவிடலாம் என்று முடிவெடுத்தேன். மாவு போலப் பிசைந்து உருவம் செய்து, ஓவனில் சுட்டால் கெட்டியாகிவிடும் செயற்கைக் களிமண் அது. செல்போனில் நாலு வீடியோ பார்த்ததும் எனக்குப் பெரிய சிற்பி என்ற நினைப்பு. கேக் செய்யச் சீதனமாக வந்த ஓவனை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பொம்மை அச்சு அசலாக இருக்க வேண்டுமே! கொண்டைக்கு அத்தையின் சொந்த முடி. உடுத்த, அவருடைய பழைய பட்டின் கிழிந்த முந்தானை. பசை காயும்வரை மடிப்பு கலையாமலிருக்க, இடுப்பிலும் முழங்காலிலும் ஊசிகள். இப்போது எழுதும்போது எனக்கே குலை நடுங்குகிறது.

அத்தை மாறத் தொடங்கினார். (நான் குளிக்கப் போன நேரத்தில் அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்.) நான் போட்ட காபியை நீட்டினால், "நீ மொதல்ல குடி" என்றார். என் அறை வாசலில் எலுமிச்சம்பழம் தொங்கியது. மாமா என்னைக் கண்டாலே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பினார், அடைமழையிலும். ரகசியம் கசிந்துவிட்டது, தெரியாததுபோல் நடிக்கிறார்கள் என்று நான் அவர்களைச் சந்தேகப்பட்டேன்.

ஒருநாள் அடுப்படியில் அத்தை என்னை மடக்கினார்.

"உள்ள நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"பாத்துட்டீங்களா அத்தை?" எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்கள முடிச்சிட்டேன். மாமாதான் பாக்கி."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார். "அவரு என்ன பாவம் பண்ணாரு?"

"தொப்பதான் சரியா வரல அத்தை. அத அறுத்து எடுத்துட்டு, சாயங்காலம் சுட்டுடுவேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் கூத்தாநல்லூரிலிருந்து என் அம்மா வந்து இறங்கினாள். "உங்க பொண்ணக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று அத்தை போன் செய்திருந்தார். அம்மா உட்காருவதற்குள், அத்தை தன் பொம்மையை விளக்குமாற்றால் முறத்தில் தள்ளிக் கூடத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்.

"இந்த முடி என்னுது. முட்டியில ஊசியப் பாருங்க. ஒரு வாரமா என் முட்டி உயிர வாங்குது!"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் சந்தேகம்! அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் மாமா பொம்மையையும் குட்டி மணவறையையும் எடுத்து வந்து, இருவரையும் ஜோடியாக நிறுத்தினேன். "அறுபதாம் கல்யாணத்துக்கு... உங்களுக்குப் பரிசு..." என்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "அடியே, இது நாமடி! என் தொப்பயக் கொறச்சிருக்கா பாரு!"

அம்மா சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை. "மொதல்ல அந்த ஊசிய எடு" என்றார். எடுத்தேன். கூடத்தின் கடைசி வரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"வலி விட்டுடுச்சு."

அந்த ஒரு வார்த்தையில் என் வழக்கு நிரந்தரமாகத் தோற்றது.

என்னை அனுப்பவில்லை. இப்போது நானும் வீட்டுக்காரரும் தஞ்சாவூரில் இருக்கிறோம். பொம்மையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் அத்தைக்குப் பயம், தூக்கிப் போடவும் பயம். ஆகவே அது என் ஷோகேஸில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறையாவது போன் வரும்.

"ஏம்மா, முட்டி வலிக்குது. கொஞ்சம் தைலம் தடவி விடு."

"நான் எப்படி அத்தை இங்கேருந்து..."

"பொம்மைக்குத்தான்."

தடவுகிறேன். வேறு வழி? சற்று நேரத்தில் மறுபடியும் போன் அடிக்கும்.

"போதும்மா, எரியுது."