மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போன சீட்டுக்கட்டு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம். அங்கே தாங்களும் என் மகளும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டுகிறேன். ஃபோனில் சொல்லியிருப்பேன், பாதியில் உங்கள் அத்தை பிடுங்கிக்கொள்வாள் என்பதால் காகிதத்தை எடுத்தேன்.

நிற்க. போன வாரம் தாங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போன சீட்டுக்கட்டை ரம்மி என்று நம்பி, ஞாயிறு மதியம் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஆளுக்குப் பதிமூன்றாகப் போட்டேன். ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. எல்லாச் சீட்டிலும் கேள்வி. நான் ஜோக்கரைத் தேடிக்கொண்டிருக்க, உங்கள் மைத்துனன் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, இது மனசு விட்டுப் பேசுகிற விளையாட்டு, கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது என்றான். கடைசி விதியைக் கேட்டதும் உங்கள் அத்தை முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

முதல் சீட்டு அவளுக்கு. இந்த வீட்டில் எதை மாற்றுவீர்கள் என்று கேள்வி. ஆரம்பித்தாள் மாப்பிள்ளை, சோபாவில் ஆரம்பித்து, நான் பல் விளக்குகிற சத்தம் வழியாகப் போய், கல்யாணத்துக்கு முந்தி அவள் பாடிக்கொண்டிருந்த பாட்டில் நின்றாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்குத் தெரியாது. பாடச் சொன்னோம், பாடினாள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. அடுத்து பையன். கண்ணாடிக் கடையில எனக்குப் பக்கத்துல உட்கார்ந்து ஃப்ரேம் துடைக்கிறானே, அவனுக்கு ரயில் ஓட்டணுமாம். எனக்குத் தெரியாம பரீட்சையே எழுதிட்டானாம். தூக்கிவாரிப் போட்டுச்சு, ஆனா குறுக்கே பேசக் கூடாதே, வாயைப் பொத்திக்கிட்டேன்.

அப்புறம் என் சீட்டு. நானே எடுத்துப் படிச்சேன். இந்த நொடியில் உங்கள் மனதுக்கு வரும் பயம் எது என்று கேள்வி. அவ பாடிட்டா, இவன் ரயில்னுட்டான், நான் மட்டும் எப்படிப் புளுகறது? ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுற எனக்கே கண்ணு மங்கிக்கிட்டு வருது, எழுத்துப் பலகையில என்ன இருக்குன்னு மனப்பாடத்துலதான் ஓட்டிக்கிட்டிருக்கேன், பார்வை முழுசா போயிடுமோன்னு பயமா இருக்குன்னு சொல்லிட்டேன்.

உங்க அத்தைதான் மெதுவா சொன்னா.

"போன மாசம் நான் கடைக்கு வந்தப்ப, 'வாங்கம்மா, உங்களுக்குக் கிட்டப் பார்வையா தூரப் பார்வையா'ன்னு என்னையே கேட்டீங்களே, அப்பவே தெரியுங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

மூணு பேரும் அழுதுக்கிட்டே சிரிச்சோம். மறுநாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க. வெறும் கண்புரைதானாம், ஆபரேஷன் பண்ணினா பளிச்னு ஆயிடுமாம். வர்ற வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருக்கார். அதுவரைக்கும் பையன் கடையைப் பார்த்துக்குவான், அப்புறம் அவன் இஷ்டம்போல ரயிலுக்குப் போகட்டும்னு நானே சொல்லிட்டேன். இந்தக் கேள்வியை எழுதின புண்ணியவான் யாரோ தெரியலை மாப்பிள்ளை, என் மனசுக்குள்ள புகுந்து பார்த்த மாதிரி கேட்டிருக்கான்.

ஒருவர் பேசும்போது மற்றவர் காது கொடுத்து, இருவரும் நெடுங்காலம் நிறைவாக வாழ ஆசீர்வதிக்கும்,
தங்கள் மாமனார்.

பி.கு.: பிழை பார்க்கச் சொல்லி இதை உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். அவள் போய் அந்தச் சீட்டை எடுத்து வந்து என் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். அதில் இருப்பது பயம் இல்லையாம். பழமாம். ஆகவே என் ஆட்டம் செல்லாதாம், மறுபடி பதில் சொல்லியாக வேண்டுமாம். கொய்யா.