கோல்சாமியும் பூங்கொடியின் கன்னமும்

குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். சந்தைக்குப் பின்னால் கூடாரம் போட்டிருந்த கோல்சாமி நாராயணப்பனை மட்டும் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. ஓசூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். சாமி செப்புக் கோலால் தொட்டால் கோணிய கழுத்து நிமிருமாம். கோல் இமயத்தில் கிடைத்ததாம். அதில் லேத்தில் கடைந்த வரி தெரிந்ததைப் பற்றி இமயம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சுபாஷ் தன் மனைவி பூங்கொடியைக் கூட்டி வந்தான். உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்பவள். ஆறு மாதமாகக் கழுத்து அவளைக் கேட்காமல் இடப்பக்கம் திருகிக்கொள்கிறது. அலையாய் அலைந்து, பெங்களூர் மருத்துவமனையில் ஊசிக்கு வரும் வியாழன் தேதி வாங்கியிருந்தாள்.

“பேய் புடிச்சிருக்குது” என்று சாமி அவள் கன்னத்தில் கோலை வைத்தார். கழுத்து நேராக வந்தது. கூட்டம் மூன்று மொழிகளில் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கோலை எடுத்தார். கழுத்து பழையபடி திருகியது. பேய் டீ குடித்துவிட்டு ஷிப்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

“போனது ஏன் வந்துச்சு? ஊசிச் சீட்டு கையில இருக்குது, அதான். அதைக் குண்டத்துல போடு. நாப்பத்தெட்டு நாள் இங்கயே இரு” என்றார் சாமி.

சுபாஷ் சீட்டை நெருப்புப் பக்கம் நீட்டிவிட்டான்.

“நில்லுங்க தம்பி!” கூட வந்திருந்த தில்ஷாத் அதைப் பிடுங்கிக்கொண்டாள். பூங்கொடியின் கம்பெனியில் தரம் சரிபார்ப்பவள். சந்தேகம் வந்தால் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் பன்னிரண்டு வருஷமாக அவள் பிழைப்பு. “பூங்கொடி, கண்ணை மூடு.”

தன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையின் முனையை அதே கன்னத்தில் வைத்தாள். கழுத்து நிமிர்ந்தது.

“இந்த அட்டையும் இமயத்துல கெடச்சதுங்களா சாமி?”

“கோலோட மிச்ச சக்தி அது!”

“சரிங்க. அப்ப கோலை அவ முழங்கையில வைங்க.”

“தெய்வத்தையே சோதிக்கிறியா?”

“வைங்க சாமீ, அந்தம்மா வாயை அடைச்சிரலாம்!” கத்தியவர்கள் பக்தர்களே. வேறு வழியில்லை. வைத்தார். அட்டையை எடுத்ததும் திருகிக்கொண்ட கழுத்து அசையவில்லை. அழுத்தினார்.

“வலிக்குதுங்க சாமி” என்றாள் பூங்கொடி.

பிறகு தன் விரலையே கன்னத்தில் வைத்தாள். கழுத்து நேரானது. “அக்கா, லைன்ல இப்படித்தான வெச்சிருப்பேன்? கனவு காணுறியான்னு சூப்பர்வைசர் திட்டுவாரே!”

மூளை கழுத்துத் தசைக்குத் தப்பான உத்தரவு அனுப்பும் நோய் இது. சிலருக்குக் கன்னத்தில் ஒரு தொடுதல், யார் தொட்டாலும், அந்த உத்தரவைச் சற்று நேரம் திருத்தும். நாராயணப்பன் எங்கோ பார்த்துப் பிடித்துக்கொண்டது அவ்வளவுதான். பேய் அவருடைய சொந்தச் சரக்கு.

சாமி கூடாரத்தின் பின்பக்கமாக அந்தர்த்தியானமானார். கூட்டம் திருந்தியதா? பாதிப் பேர் தில்ஷாத்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அம்மா, அந்த அட்டையை என் முட்டியிலயும் ஒருக்கா வைங்க.”

“வெச்சா எனக்கும் கூடாரம் போட்டுருவீங்க. போய் டாக்டரைப் பாருங்கய்யா!”

வியாழக்கிழமை பூங்கொடிக்கு ஊசி போட்டார்கள். முழுதாகத் தீராது, குறையும், சில மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும் என்றார் டாக்டர். உண்மை இப்படித்தான் பேசும். அதனால் அதற்குக் கூட்டம் சேர்வதில்லை. அடுத்த முறை யாராவது கோலைத் தூக்கினால், கும்பிடும் முன் ஒன்று கேளுங்கள்: இதை முழங்கையில் வைத்தால் என்ன ஆகும்?