முப்பத்தொன்றாம் வளைவில் அவசர உதவி

முப்பத்தொன்றாம் வளைவில் கார் திரும்பியதும், முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த குட்டிப் பெட்டி சிவப்பாக மின்னி, ஓயாமல் கீச்சிட்டது. பின்பக்க இடது டயரில் காற்று குறைகிறது என்பது அதன் புகார்.

தேவராஜ் காரை ஓரங்கட்டினார். கவலைப்பட வேண்டிய நேரத்தில் அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி. நான்கு மாதமாக ஆன்லைனில் பார்த்துப் பார்த்து வாங்கிச் சேர்த்த சாமான்களில் ஒன்று இன்றைக்குத்தான் வாய் திறந்திருக்கிறது.

"பாத்தியா? இது இல்லீன்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமா?"

மடியில் வெண்கலப் பானையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி தாமரைச்செல்வி தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். "டயரு நல்லாத்தானுங்க இருக்குது. மணி ஒம்பதே முக்கால் ஆச்சு. போலாமுங்க."

அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சேந்தமங்கலத்தில் கோழித் தீவனக் கடை வைத்திருக்கும் தேவராஜுக்குக் குலசாமி இருப்பது மலைமேல், திண்ணனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில். பங்காளிகள் ஏழு வீடு. ஆடிப் பொங்கலில் முதல் பானை வைக்கிற முறை வருடத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். மதியம் பன்னிரண்டுக்குள் அந்தப் பானை பொங்கியாக வேண்டும். தவறினால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். போன சுற்றில் தேவராஜுக்கு அம்மை போட்டுப் படுத்துவிட்டார். ஆக, பதினான்கு வருடம் காத்திருந்து இன்றைக்கு வாய்த்திருக்கிறது.

அடுத்த வீடு சித்தப்பா மகன் அருணாசலம். மற்ற பங்காளிகளோடு விடியற்காலையிலேயே வேனில் ஏறிப் போய்விட்டான். தேவராஜையும் கூப்பிட்டான். அவர்தான் காரில் வருவதாகச் சொல்லிவிட்டார். இத்தனை சாமானையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் யாருக்குக் காட்டுவது?

"அவன் ஒரு பானையத் தயாரா வச்சுக்கிட்டு மணியப் பாத்துட்டு உக்காந்திருப்பான்," என்றபடி தேவராஜ் காற்றடிக்கும் சின்ன மோட்டாரை எடுத்தார். "அஞ்சே நிமிசம்."

மோட்டாரின் குழாயை டயரின் வாயில் வைத்துத் திருகினார். மறை சரியாக ஏறவில்லை. இன்னும் அழுத்தித் திருகினார். உள்ளே ஏதோ முறிந்தது. புஸ்ஸென்று சத்தம் கிளம்பி, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

தாமரைச்செல்வி இறங்கி வந்து பார்த்தாள். "இப்பக் கொறைஞ்சுருச்சுங்க," என்றாள்.

தேவராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. டயரை மாற்ற மின்சார ஜாக்கியே இருக்கிறது, ரிமோட்டோடு. ஆனால் ஸ்டெப்னி டிக்கிக்கு அடியில் கிடந்தது. அதன் மேல் நான்கு மாதச் சம்பாத்தியம். கயிறு, மடக்கு மண்வெட்டி, கண்ணாடி உடைக்கும் சுத்தியல், மூன்று வகை விளக்கு, இரண்டு பேர் படுக்கும் கூடாரம் என்று ஒவ்வொன்றாக எடுத்து சாலையோரத் தடுப்புச்சுவரின் மேல் அடுக்கினார். அதற்கே அரைமணி ஆனது. ஜாக்கியை எப்படி மாட்டுவது என்று சொல்லித்தரும் வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தார். போனை அதே சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்தார்.

வளைவுக்கு வளைவு குடியிருக்கும் குரங்குகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தன. அவற்றில் ஒன்று காருக்குள் இருந்த பூசைத்தட்டின் வாழைப்பழ வாசனைக்குச் சுவரில் தாவியது. அதன் கால் பட்டு போன் சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தது. எங்கோ பாறையில் மோதிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பள்ளத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"விபத்து கண்டறியப்பட்டுள்ளது. நீங்கள் நலமாக இருந்தால் பொத்தானை அழுத்தவும். முப்பது. இருபத்தொன்பது."

தேவராஜ் சுவரைத் தாண்டினார். விபத்து நடந்தால் தானாகவே உறவுக்காரர்களுக்குச் செய்தி அனுப்பும் செயலி அது. பங்காளிகள் ஆறு பேரின் நம்பரையும் அவரேதான் அதில் போட்டு வைத்திருந்தார்.

உண்ணிச்செடிகளைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். பத்து என்றபோது வேட்டி முள்ளில் மாட்டியது. ஐந்து என்றபோது வேட்டியை விட்டுவிட்டு, உள்ளே போட்டிருந்த கால்சட்டையோடு இறங்கினார். மூன்று என்றபோது கைக்கெட்டும் தூரத்தில் போன் கிடந்தது. அழுத்தினார். திரை சுக்குநூறாகியிருந்தது, எந்தப் பொத்தானுக்கும் அது அசையவில்லை.

"உங்கள் உறவினர்களுக்குத் தகவல் அனுப்பப்பட்டது," என்றது குரல். "தைரியமாக இருங்கள்."

வேட்டியை மீட்டுக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். "உன்ற போன்ல அருணாசலத்தக் கூப்புடு. எனக்கு ஒன்னுமில்லீன்னு சொல்லிப்போடு. இல்லீன்னா அத்தன பேரும் கோயல உட்டுப்போட்டு இங்க வந்து நிப்பானுக."

அவள் போனில் ஒரே ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போனது. காரைச் சுற்றி நடந்து ஒரு இடத்தில் நின்றதும் மணி அடித்தது.

"தம்பி, நான் அண்ணி பேசறேன். உங்கண்ணனுக்கு..."

அந்த நேரம் பார்த்து இரண்டு குரங்குகள் காருக்குள் நுழைந்து பூசைத்தட்டைக் கவிழ்த்தன. பழம், வெல்லம், தேங்காய் எல்லாம் ஒரே மூச்சில் மரமேறின. காலையில் எழுந்து ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தவள் தாமரைச்செல்விதான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அய்யோ போச்சே, எல்லாமே போச்சே தம்பி!"

அத்தோடு லைன் அறுந்தது. அந்த ஒரு கோடும் அதற்குப் பிறகு திரும்பவில்லை.

"சொன்னியா?" என்றார் தேவராஜ்.

"சொல்றக்குள்ள போயிருச்சுங்க. ஆனா என்ற கொரலக் கேட்டுட்டாருங்க."

"அது போதும். புரிஞ்சுக்குவான்."

பதினொன்றுக்குக் கீழேயிருந்து ஒரு பிக்கப் வண்டி வந்தது. சவ்வரிசி ஆலையில் குச்சிக்கிழங்கை இறக்கிவிட்டுக் காலியாக மேலே திரும்புகிற வண்டி. ஓட்டி வந்த பிரேம் என்ற மலைக்காரர் சுவர் முழுக்கப் பரப்பிக் கிடந்த சாமான்களை ஒருமுறை பார்த்தார்.

"இதெல்லாம் என்னங்க?"

"அவசரத்துக்குங்க," என்றார் தேவராஜ்.

"அவசரம்னா வண்டியில ஏறுங்க."

சாமான்களைக் காருக்குள் திணித்துப் பூட்டிவிட்டு இருவரும் ஏறினார்கள். பானையும் அரிசியும் தப்பித்திருந்தன. அதுவே தேவராஜுக்குப் போதும். வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. ஐம்பத்தெட்டில் பங்காளிகளின் வேன் எதிரே வந்தது. கீழ்நோக்கிப் பறந்த வேகத்தில் பிக்கப்பை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெறகு பத்தலயாட்டம் இருக்குது," என்றார் தேவராஜ். "நம்ம முறைக்கு எப்படி ஓடியாடி வேல செய்யறானுக பாரு." அவர் மனசு குளிர்ந்தது.

பதினொன்று நாற்பதுக்கு இருவரும் கோயில் முன்னால் இறங்கினார்கள். பானையைத் தோளில் தூக்கிக்கொண்டு தேவராஜ் ஓட்டமும் நடையுமாக வந்தார். மேளச் சத்தம் இல்லை. வேனில் போனவர்கள் போக மீதிப் பங்காளிகள் எல்லாரும் தலை நனைந்து, ஈர வேட்டியோடு அரசமரத்தடியில் நின்றிருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். பூசைக்கு முன்னால் சுத்தமாகக் குளித்துவிட்டு நிற்கிறார்கள் என்று தேவராஜுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவரைக் கண்டதும் எல்லோரும் ஒரு அடி பின்வாங்கினார்கள். அருணாசலம் மட்டும் ஓடி வந்து, பானையோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். பானை எதையும் அவன் தயாராக வைத்திருக்கவில்லை. இப்படிப்பட்டவனைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று தேவராஜுக்குக் கூச்சமாகிவிட்டது.

"உடு தம்பி, டயருதான் போச்சு. இன்னும் இருவது நிமிசம் இருக்குது. அடுப்பப் பத்த வைங்க."

பூசாரி சின்னுசாமி கோயில் படியிலிருந்து இறங்கி வந்தார். தேவராஜை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நிதானமாகப் பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தைத் தொட்டுக்கொண்டார்.

"நீங்க முழுசா வந்து நிக்கறது ரொம்பச் சந்தோசமுங்க சாமி. ஆனா பங்காளிங்க தீட்டுன்னு தலமுழுகிட்டாங்க, நானும் கோயலப் பூட்டிட்டேனுங்க. இனி உங்க கருமாதி முடிஞ்சாத்தானுங்க தொறக்க முடியும்."