ராசாவின் கண்ணில் உப்பு

ரோபோ மறுபடியும் நின்றுவிட்டது. இராயப்பன் ஸ்பேனரோடு ஓடினார்.

மரக்காணம் உப்புக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக ஃபிட்டர் அவர். புதிதாக வந்த ரோபோ, மூட்டை அடுக்கும் ஓர் இரும்புக் கை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, சாக்குத் தையல் பிரிவிலிருந்து அவர் மனைவி ஞானமேரியைப் போட்டிருந்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"ஏங்க, என் ராசாவைப் பார்த்தீங்களா? குழந்தையைத் தூளியில போடுற மாதிரி மூட்டையை வெக்குது. ஒரு முணுமுணுப்பு இல்ல!"

கல்யாணமான நாளிலிருந்து கேஸ் சிலிண்டர் தூக்குகிறவர் இராயப்பன். அவரை ஒரு நாளாவது 'ராசா' என்றிருப்பாளா? இந்த இரும்புக்கு மாதா படம் வேறு ஒட்டியிருந்தாள்.

மூன்று நாள் நிற்காமல் ஓடினால் சோதனை முடியும், அப்புறம் பக்கத்தில் ஆள் வேண்டாம், ஞானமேரி தையலுக்கே திரும்பலாம் என்றிருந்தார் சூப்பர்வைசர். அதற்காகத்தான் இராயப்பன் உயிரை விட்டுக்கொண்டிருந்தார்.

கோளாறு ஒன்றுதான். மூட்டை வருவதைப் பார்க்கும் சென்சார் கண்ணில் உப்பு படியும். கண் மறைந்தால் கை நின்றுவிடும்.

"கடல் காத்துங்க, என்ன பண்றது?" என்றாள் ஞானமேரி.

துடைத்தார். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் உப்பு. தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கண்ணுக்குக் குல்லா மாட்டினார். குல்லாவுக்குள் வேர்த்த நீர்த்துளியை மூட்டை என்று நினைத்து, கை ஏழு வரிசை வெறுங்காற்றைப் பிரமாதமாக அடுக்கியது.

"ஐயோ, ராசாவுக்குக் கை வலிக்கப் போவுது!"

இராயப்பனுக்கு வயிறு எரிந்தது. குல்லாவைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பெரிய ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார். உப்பு பறக்கவில்லை, காலிச் சாக்குகள் பறந்தன. சாக்கோடு சாக்காக அவர் சாப்பாட்டுப் பையும் மூட்டை நகர்ந்து வரும் பெல்ட்டில் போய் விழுந்தது. கை அதைப் பக்குவமாக எடுத்து அடுக்கி, மேலே ஐம்பது கிலோ மூட்டையை வைத்தது. மத்திக் குழம்பு நாலு பக்கமும் ஓடியது.

"பொண்டாட்டியும் போச்சு, சோறும் போச்சு!"

"அதுக்கு என்னாங்க தெரியும், பச்சப்புள்ள."

அவ்வளவுதான். ஏணியைப் போட்டார். கண்ணைக் கழற்றி, பத்தடி உயரக் கூரைச் சட்டத்தில், கீழே பார்க்கிற மாதிரி முடுக்கினார். அதன்பின் மூன்று நாள் ரோபோ மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. சோதனை முடிந்ததென்று இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார். இராயப்பன் மீசையைத் தடவியபடி திரும்பினார்.

மூட்டைமேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள் ஞானமேரி.

"ஏன், ராசாவைப் பிரிய மனசு வரலியோ?"

பக்கத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த ஜெயா, தையல் மிஷினை நிறுத்தினாள்.

"வாயைக் கழுவுங்கண்ணே! அவங்க கொஞ்சுனதெல்லாம் சூப்பர்வைசர் சந்தேகப்படாம இருக்கத்தான். இது ஓடிட்டா அடுத்த ரோபோவை மாட்ட உங்களைத் தூத்துக்குடிக்கு ரெண்டு வருஷம் அனுப்பப் போறாங்கன்னு, தெனம் அந்தக் கண்ணுல உப்பை அள்ளி அப்புனதே அக்காதான்!"